பாட்டைக் கேட்கும் முன் தட்டைப் படி

சென்ற பருவத்தில் எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். ஏதாவது பழைய பொருள் பத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகப் பட்டியலில் இருப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுத வேண்டும். தலைப்பு, படைத்தவர், ஆண்டு, இடம், அளவு, நிலை. ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் வகுப்பில் எல்லாரும் நினைத்தோம். தோழிகள் தபால்தலை, பழைய காசு என்று கிளம்பினார்கள். நான் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். இசைத்தட்டு அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

மலிவு என்பது சம்பளம் வாங்கும் அண்ணனின் கருத்து. என் பணத்துக்கு ஒரு தட்டுதான் வந்தது. மீதி ஒன்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, அங்கேயே நின்று குறிப்பெடுத்துக்கொண்டேன். வாங்கியது மஹாலியா ஜாக்சன் என்ற பெண்மணி பாடியது. அவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. காசை வாங்கிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "வீட்டுக்குப் போன ஒடனே பாட்டப் போட்டுறாத தங்கச்சி. மொதல்ல தட்டப் படி. ரெண்டு பக்கமும் படி."

தட்டில் படிக்க என்ன இருக்கிறது? கைப்பேசியில் பெயரைத் தட்டினேன். 1958ஆம் ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர் பாடியது என்று வந்தது. ஆண்டு என்ற கட்டத்தில் 1958 என்று எழுதினேன். மற்ற ஒன்பதுக்கும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்து இடுபணி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "1958 என்பது எது? பாடிய ஆண்டா, வெளியிட்ட ஆண்டா, உன் கையில் இருக்கும் இந்தத் தட்டை அச்சடித்த ஆண்டா? மூன்றும் ஒன்று என்று உனக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. மறுபடி எழுதித் தர மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த மூன்று வாரமும், பழைய கோஸ்பல் தட்டுகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட மனிதர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இடுபணிக்குத் தேவையான அளவுக்கு மேலேயே படித்துவிட்டேன் என்பது உண்மை.

கோஸ்பல் என்றால் நற்செய்தி. இசை உலகில் அந்தச் சொல் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபைக் குறிக்கும். அடிமைகளாக இருந்தவர்கள் பாடிய பக்திப் பாடல்களை, விடுதலைக்குப் பின் 1871இல் ஃபிஸ்க் கல்விக்கூடத்து மாணவர்கள் ஊர் ஊராகப் பாடித் தங்கள் கல்விக்கூடத்துக்கு நிதி திரட்டினார்கள். 1902இல் டின்விடி என்ற நால்வர் குழு ஆறு பாடல்களைத் தட்டில் பதிவு செய்தது. பின்னர் சிக்காகோவில் தாமஸ் டார்சி என்ற பியானோ கலைஞர், கேளிக்கை விடுதிகளில் தான் வாசித்துவந்த புளூஸ் இசையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார். முதலில் பல சபைகள் முகம் சுளித்தன. 1932இல் பிரசவத்தில் மனைவியும், அடுத்துக் குழந்தையும் இறந்த துயரத்தில் அவர் எழுதிய பாடல்தான் பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகப் பிடித்த பாடல் ஆனது. 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கில் அதைப் பாடியவர் என் தட்டில் இருக்கும் அதே மஹாலியா ஜாக்சன். 1963 வாஷிங்டன் பேரணியில் கிங் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தவரும் இவர்தான் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மஹாலியாவை யாரும் மறக்கப்போவதில்லை. அவரைப் பட்டியலில் சேர்க்க என்னைப் போன்ற ஒரு கற்றுக்குட்டி தேவையில்லை. ஆனால் அவரோடு அதே காலத்தில் பாடிய நூற்றுக்கணக்கான குழுக்கள் இருக்கின்றன. தச்சர்கள், சலவைத் தொழிலாளிகள், பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பாடி, கையிலிருந்த காசில் முந்நூறு ஐந்நூறு தட்டு அச்சடித்துச் சபை வாசலில் விற்றவர்கள். அவர்கள் பாடியதற்கு அந்தத் தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தத் தட்டும் எளிதில் அழியும் பொருளால் ஆனது.

அரக்கில் பதிந்த குரல்

1950கள் வரை பரவலாக இருந்த தட்டுகள் இன்று நாம் பார்க்கும் வினைல் தட்டுகள் அல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குல அகலம், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. அட்லாண்டாவைச் சேர்ந்த ஜே. எம். கேட்ஸ் என்ற போதகர் 1926 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பதிவு செய்தார். அவருடைய பிரசங்கமும் இந்த மூன்று நிமிடத்துக்குள்தான் முடிந்தாக வேண்டும். (எங்கள் விரிவுரைகளையும் அந்தத் தட்டில் பதிவு செய்தால் நன்றாக இருக்கும்.)

இந்தத் தட்டுகளை இறுக்கிப் பிடித்திருப்பது அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை வைத்து எரிப்பதற்காகக் கட்டிய மாளிகை ஞாபகம் இருக்கிறதா? அதே அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத் தேவையில் பெரும்பகுதி இந்தியாவின் காட்டுப் பகுதிகளில் இருந்து போனது. அதைக் கல்தூளோடும் கரியோடும் கலந்து சூடாக்கி அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. டெக்சஸில் ஒரு போதகரின் குரலைத் தாங்கி நின்றது இந்தியக் காட்டுப் பூச்சியின் எச்சில் என்று வகுப்பில் சொன்னபோது பின் வரிசையில்கூடத் தலை நிமிர்ந்தது.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் ஓடு போல உடையும். சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் கரையும். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் கடையில் கிடைக்கும் கிருமிநாசினியைத் தொட்டுத் துடைத்துத் தட்டைப் பாழாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறதாம். இவற்றையெல்லாம் தாண்டித் தப்பியவற்றுக்கு 1942இல் இன்னொரு ஆபத்து வந்தது. போர்க் காலம். அரக்கு ராணுவத் தேவைக்கு வேண்டும் என்று அமெரிக்க அரசு அந்த ஆண்டு ஏப்ரலில் மற்றப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைக்க உத்தரவிட்டது. தட்டு நிறுவனங்கள் பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரும்ப வாங்கி, அரைத்துப் புதுத் தட்டு செய்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் விற்காமல் தேங்கிய தட்டுகள், யாரும் இப்போது கேட்பதில்லை என்று வீடுகளில் ஒதுக்கி வைத்த தட்டுகள் எல்லாம் அரவைக்குப் போயின. ஒரு புதுப் பாட்டைக் கேட்கும்போது, அதன் உடம்பில் எத்தனை பழைய பாட்டு அரைபட்டுக் கிடக்கிறதோ என்று நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

தட்டு எப்படிப் பேசுகிறது

கடைக்காரர் சொன்ன "தட்டப் படி" என்பதற்கு இப்போது வருகிறேன்.

ஒரு தட்டில் பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்துக்கு முன்னால், கோடுகள் இல்லாத ஒரு வெற்று வளையம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அங்கே கையால் கீறியோ அச்சால் குத்தியோ சில எழுத்துகளும் எண்களும் தெரியும். மேட்ரிக்ஸ் எண் என்று சொல்வார்கள். காகிதத்தில் இருக்கும் எண் விற்பனைக்கு உரியது. இந்த எண் தயாரிப்புக்கு உரியது. எந்த அமர்வில் பதிவானது, ஒரே பாட்டை எத்தனையாவது முறை பாடியது என்றெல்லாம் பல நிறுவனங்களின் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

சிறு சபைகளும் குழுக்களும் சொந்தக் காசில் வெளியிட்ட தட்டுகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. ஆனால் தட்டை அவர்களே அச்சடிக்க முடியாதல்லவா? ஏதாவது பெரிய ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆர்சிஏ விக்டர் நிறுவனம் வெளியாருக்கும் கூலிக்கு அச்சடித்துக் கொடுத்தது. 1950களின் நடுவிலிருந்து அதன் மேட்ரிக்ஸ் எண்ணின் முதல் எழுத்து ஆண்டைக் குறிக்கும். ஜி என்றால் 1956, எச் என்றால் 1957, ஜே என்றால் 1958. நடுவில் ஐ காணோம்; ஒன்று என்ற எண்ணோடு குழம்பிவிடும் என்றுதானோ என்னவோ. எல் என்றால் 1960, பி என்றால் 1963. இது தெரிந்தால் போதும். எங்கோ ஒரு சிற்றூர்ப் பாடகர் குழுவின் தேதியில்லாத தட்டுக்கு ஒரே எழுத்தை வைத்து ஆண்டு சொல்லிவிடலாம். இப்படி ஆலை ஆலையாக எண்களைத் தொகுத்து வைத்திருப்பவர்கள் சேகரிப்பாளர்கள்தான். இதற்காக அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இந்தத் துறையின் முதல் பெரிய பட்டியல் அமெரிக்காவில் உருவாகவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன், ஜான் காட்ரிச் இருவரும் 1964இல் வெளியிட்டார்கள். 1902 முதல் 1942 வரை பதிவான புளூஸ், கோஸ்பல் தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பாடியவர், இசைத்தவர், இடம், நாள், மேட்ரிக்ஸ் எண். மொழியியல் படிக்கும் நண்பர்களுக்கு டிக்சன் என்ற பெயர் உடனே தெரிந்திருக்கும். ஆமாம், அதே டிக்சன்தான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டியர்பல் என்ற பழங்குடி மொழியைக் கற்று 1972இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டவர். மறைந்துகொண்டிருக்கும் மொழி ஒரு பக்கம், மறைந்துகொண்டிருக்கும் தட்டு மறுபக்கம். அந்தப் பட்டியல் திருத்தித் திருத்திப் பெரிதாகி 1997இல் நான்காம் பதிப்பு வந்தது. 1943க்குப் பிந்தைய கோஸ்பல் தட்டுகளுக்கு செட்ரிக் ஹேய்ஸ், ராபர்ட் லாட்டன் இருவரும் தனியே இரண்டு தொகுதிகள் தொகுத்தார்கள்.

ஆனால் இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய தட்டு வாங்கிய சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் தேடியது கிட்டார் புளூஸ். பக்திப் பாட்டும் பிரசங்கமும் பெட்டியில் கூடவே வந்த உபரி. ஒரு புளூஸ் தட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கும் சந்தை, கோஸ்பல் தட்டை நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. விலை இல்லாததைக் கவனமாக எடுத்துவைக்க ஆள் இல்லை. வீட்டுக்காரர்களோ ஊசி தேய்த்துத் தேய்த்துத் தட்டு சாம்பல் நிறமாகும்வரை கேட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பாட்டு கேட்பதற்குத்தானே வாங்கினார்கள்.

இன்னொருவரின் மரணம்

நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் மூன்று கார்த்திக் இருந்தால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து காப்பாற்றும். கோஸ்பல் உலகில் அந்த வசதி இல்லை. 1948இல் நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் கச்சேரி ஏற்பாட்டாளர் ஒருவர், பார்வையற்றோர் பள்ளிகளில் படித்து வளர்ந்த இரண்டு குழுக்களை ஒரே மேடையில் மோதவிட்டு, 'கண்ணற்ற பையன்களின் போட்டி' என்று விளம்பரம் செய்தார். கூட்டம் அலைமோதியது. விளைவு, இரண்டு குழுவுமே அந்தப் பெயரை வைத்துக்கொண்டன. ஒன்று அலபாமா, மற்றொன்று மிசிசிப்பி. இரண்டும் ஐவர் குழு. இரண்டும் கோல்மேன் என்ற ஒரே நிறுவனத்தில் பதிவு செய்தன. தட்டில் மாநிலத்தின் பெயர் இல்லாவிட்டால் பட்டியல் எழுதுகிறவர் காதை நம்ப வேண்டும், அல்லது மேட்ரிக்ஸ் எண்ணை.

பெயர்க் குழப்பத்தில் என்னை மிகவும் பாதித்தது வாஷிங்டன் ஃபிலிப்ஸின் கதை. 1927 டிசம்பரில் கொலம்பியா நிறுவனத்தின் பதிவுக் குழு டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் வந்து தங்கியது. அந்த வாரத்தில் அவர்கள் பதிவு செய்தவர்களில் இரண்டு பேரைக் கவனியுங்கள். ஒருவர் கண் தெரியாத தெருப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன். டிசம்பர் 3ஆம் தேதி சொற்களே இல்லாமல் அவர் முனகிய ஒரு பாடல், ஐம்பது ஆண்டு கழித்து 1977இல், வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறியது. இன்றும் அது விண்மீன்களுக்கு இடையே போய்க்கொண்டிருக்கிறது.

மற்றவர் வாஷிங்டன் ஃபிலிப்ஸ். யாழைப் போலவும் குழந்தைகளின் இசைப்பெட்டியைப் போலவும் ஒலிக்கும் ஒரு தந்திக் கருவியோடு, மென்மையாக, கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடுவார். 1929 வரை பதினெட்டுப் பாடல்கள் பதிவு செய்தார். பதினாறுதான் நமக்கு மிஞ்சின. பிறகு அவர் குரல் எங்குமே இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் தேடியபோது, ஆஸ்டின் நகரத்து அரசு மனநல மருத்துவமனையில் 1938இல் இறந்த வாஷிங்டன் ஃபிலிப்ஸ் என்பவரின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. முடிந்தது கதை. தட்டு உறைகளிலும் புத்தகங்களிலும், தேவகானம் பாடியவர் மனநலம் குன்றி மறைந்தார் என்ற சோகம் அச்சேறியது. அந்த இசையின் ஏக்கத்துக்கு அந்த முடிவு பொருத்தமாகவும் இருந்தது. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை என்று நினைக்கிறேன்.

2002இல் மைக்கேல் கோர்கோரன் என்ற ஆஸ்டின் பத்திரிகையாளர், ஃபிலிப்ஸ் வாழ்ந்த டீக் என்ற சிற்றூர்ப் பக்கம் போய் முதியவர்களிடம் பேசினார். மருத்துவமனையில் இறந்தவர் அதே பெயர் கொண்ட வேறொருவர் என்று தெரிந்தது. பாடகர் ஃபிலிப்ஸ் ஊரில்தான் இருந்திருக்கிறார். கோவேறு கழுதை வண்டியில் கரும்புப் பாகு விற்றிருக்கிறார். தேவாலயங்களில் பேசியிருக்கிறார், பாடியிருக்கிறார். 1954இல் படிக்கட்டில் விழுந்து இறந்திருக்கிறார். அவர் வாசித்தது என்ன கருவி என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். அதை அவரே செய்துகொண்டார், மான்சரீன் என்று பெயரும் வைத்திருந்தார் என்பதற்கு 1907ஆம் ஆண்டின் உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி ஒன்று சாட்சியாக இருந்தது. விடை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அச்சிலேயே இருந்திருக்கிறது. போய்ப் பார்க்க ஆள் இல்லை.

கைப்பேசியில் கிடைத்த முதல் விடையை எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் எதிர்பார்த்தவள் நான். இந்தக் கதையைப் படித்த அன்று என் இடுபணியின் ஒன்பது பதிவுகளை அழித்துவிட்டேன்.

பின்பக்கத்தில் இருந்தது

அலட்சியமும் தவறும் மட்டுமே தட்டுகளை அழிக்கவில்லை. டெட்ராய்ட் நகரின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஜோ வான் பாட்டில் என்ற கறுப்பினத்தவர் 1945இல் ஒரு தட்டுக்கடை திறந்தார். கடையின் பின்னறையிலேயே பதிவும் நடக்கும். புகழ்பெற்ற போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களையும், பதினான்கு வயதுச் சிறுமியாக இருந்த அவர் மகள் அரீதா ஃபிராங்க்ளினின் முதல் பாடல்களையும் பதிவு செய்தவர் அவர்தான். நெடுஞ்சாலை போடுவதற்காக ஹேஸ்டிங்ஸ் தெரு இடிக்கப்பட்டது. கடையை வேறு தெருவுக்கு மாற்றினார். 1967 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடையும் அதிலிருந்த பதிவு நாடாக்களும் அழிந்தன. அவற்றில் என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியல் இருந்திருந்தால், குறைந்தது எதை இழந்தோம் என்றாவது தெரிந்திருக்கும்.

அந்தக் கவலைதான் ராபர்ட் டார்டனையும் பிடித்துக்கொண்டது. அவர் டெக்சஸ் மாநிலம் வேகோவில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்தவர். கறுப்பின கோஸ்பல் இசையின் வரலாற்றை 2004இல் நூலாக எழுதினார். எழுதும்போது ஒரு சிக்கல். தான் எழுதும் பாடல்களில் பலவற்றை அவராலேயே கேட்க முடியவில்லை. எங்கும் கிடைக்கவில்லை. 1945 முதல் 1975 வரையிலான பொற்காலத்துத் தட்டுகளில் முக்கால்வாசி கிடைக்காத நிலை என்பது அவருடைய கணிப்பு. 2005 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைக் கட்டுரையாக எழுதினார். அதைப் படித்த சார்ல்ஸ் ராய்ஸ் என்ற முதலீட்டாளர் தொலைபேசியில் அழைத்து, என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள், பணம் தருகிறேன் என்றார். நாளிதழுக்குக் கட்டுரை எழுதினால் இப்படியும் நடக்கும் என்பதை இந்தப் பக்கத்தின் ஆசிரியர் கவனிக்க வேண்டுகிறேன்.

பேலர் நூலகத்தில் வேலை தொடங்கியது. சேகரிப்பாளர்கள் கொடையாகவோ கடனாகவோ தட்டுகளை அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் கழுவி, காகிதத்தின் இரு பக்கத்தையும் படமெடுத்து, ஒலியை மின்னாக்கம் செய்து, பட்டியலில் ஏற்றினார்கள். இதில் ஒரு விதி இருந்தது. தட்டு வந்தால் இரண்டு பக்கமும். கேட்டதற்கும் கேட்காததற்கும் ஒரே மரியாதை.

அந்த விதியால்தான் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. சிறு தட்டுகளில் முன்பக்கம்தான் வானொலிக்குப் போகும், விற்பனைக்கு உதவும். பின்பக்கம் ஒப்புக்கு ஒரு பாட்டு. 1950கள், 60களின் தட்டுகளைத் திருப்பிப் போட்டபோது, பின்பக்கங்களில் பலவற்றில் குடியுரிமைப் போராட்டத்தைப் பற்றிய பாடல்கள் இருந்தன. சொர்க்கத்தில் இனப் பிரிவினை கிடையாது என்று நேரடியாகவே பாடியிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தன என்கிறார் டார்டன். மிசிசிப்பியிலோ அலபாமாவிலோ அந்த நாளில் அப்படிப் பாடுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். பெயரும் ஊரும் அச்சிட்ட தட்டில் பாடுவது இன்னும் ஆபத்து. பெரிய பெயர்கள் ஊர்வலத்தில் நடந்தது நம் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. பேர் தெரியாத நால்வர் குழு ஒன்று, தன் ஊரிலேயே நின்று பின்பக்கத்தில் பாடியது எதிலும் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பாத பட்டியலில் அது இருந்திருக்கவும் முடியாது. இந்தப் பாடல்களைச் சுற்றியே டார்டன் மேலும் இரண்டு தொகுதி எழுதினார். 2014இல் ஒன்று, 2016இல் மற்றொன்று.

இவற்றை எல்லாரும் உடனே கேட்கலாமா? அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 2018இல் வந்த இசைச் சட்டத்தின்படி, 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1ஆம் தேதி பொதுச் சொத்தாயின. 1923 முதல் 1946 வரையிலானவற்றுக்கு நூறு ஆண்டு. அதாவது வாஷிங்டன் ஃபிலிப்ஸின் முதல் தட்டுகளுக்கு 2028 வரை பொறுக்க வேண்டும். 1957 முதல் 1972 பிப்ரவரி வரை வந்தவற்றுக்கு 2067. ஒரு சபைக் குழு 1963இல் சொந்தக் காசில் வெளியிட்ட தட்டுக்கு இன்று உரிமையாளர் யார் என்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். பாடியவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அப்படியும் 2067 வரை அது பூட்டிய அறைதான். அப்போது எனக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். படைப்பாளியின் உரிமை முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேட்க ஆள் இல்லாத உரிமை யாருக்காக என்று புரியவில்லை.

ஒலி பூட்டியிருந்தாலும் பட்டியல் திறந்தே இருக்கிறது. சாந்தா பார்பராவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுத் தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். ஒரு பாடகரைத் தேடுங்கள். அவருடைய பதிவு நாளைத் தொட்டால் அதே நாளில் அதே நகரில் வேறு யார் பாடினார்கள் என்று வரும். டாலஸில் அந்த 1927 டிசம்பர் வாரத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் போனது வேறு விஷயம்.

இரண்டாம் முறை இடுபணி கொடுக்கப் போகும் முன், மஹாலியாவின் தட்டை மேசை விளக்கின் கீழ் வைத்தேன். காகிதத்தில் ஃபிலிப்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் இருந்தது. பாடகர் ஃபிலிப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஹாலந்து நாட்டு நிறுவனம். அமெரிக்கக் கொலம்பியாவின் பாடல்களை வெளிநாடுகளில் ஃபிலிப்ஸ் வெளியிட்டது ஏறக்குறைய 1962 வரை. அதன் பிறகு சிபிஎஸ் என்ற பெயரில் வந்தன. ஆக, 1958க்கும் 1962க்கும் இடையில். அதற்கு மேல் குறுக்க முடியவில்லை.

பிறகுதான் திருப்பினேன். பின்பக்கக் காகிதத்தின் ஓரத்தில் நீல மையில், மிகச் சிறிய எழுத்தில், தகப்பனார் எழுத்தோடு ஒரு தமிழ்ப் பெயர். அதன் கீழே 25.12.61.

பாடியது: 1958 ஜூலை. அச்சடித்தது: 1961 டிசம்பர் 25க்கு முன். உடைமை வரலாறு என்ற கட்டத்தில் அந்தப் பெயரை அப்படியே எழுதினேன். இந்த முறை விரிவுரையாளர் சிவப்பு மை தொடவில்லை. பென்சிலால் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்: "இவர் யார்?"

மறு சனிக்கிழமை அம்கார்ப் மாலுக்குப் போய்க் கடைக்காரரிடம் தட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஈப்போல ஒரு வீடு காலி பண்ணாங்க தங்கச்சி. மொத்தமா எடுத்துக்கன்னாங்க, லாரில ஏத்திட்டு வந்தேன். பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார். "அந்த வீட்டுதுதான். இன்னும் வெல போடல."

முதல் தட்டை எடுத்துத் திருப்பினேன். அதே நீல மை, அதே பெயர். தேதி மட்டும் வேறு.